கருவாட்டின் பக்குவம்

நாகை கரையோரம் ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் சின்னப் படகுகள் மணலிலேயே கிடக்கும். அந்த நாட்களின் சோற்றுக்கான வழி, வெயில் காலத்திலேயே பெண்கள் கையில் தயாராகிவிடுகிறது. சுறாவையும் பாறை மீனையும் பிளந்து, குடல் நீக்கி, கீறல்களுக்குள் கல்லுப்பைத் தேய்க்கும் விரல்களுக்குத் தராசு வேண்டியதில்லை. உப்பு குறைந்தால் புழு வைக்கும். மிகுந்தால் வாயில் வைக்க முடியாது.

நெத்திலிக்கு இத்தனை பாடு இல்லை. அலசி, பழைய வலையை விரித்துப் பரப்பினால் போதும். ஆனால் காவல் வேண்டும்: காகம், நாய், சொல்லாமல் வரும் தூறல். திருப்பிப் போடும்போது எழும் ஓசைதான் எனக்குப் பிடித்தது. ஈரத்தில் சத்தமில்லாமல் விழுந்த மீன், நல்ல வெயில் கண்டபின் சருகாய்ச் சலசலக்கும். ஒரு கை அள்ளிக் குலுக்கிப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார்கள். (வாடை எல்லோருக்கும் ஆகாதுதான்.) மிஞ்சியது சந்தைக்குப் போய் அரிசியாகவும் எண்ணெயாகவும் திரும்பும். அடைமழையில் அடுப்பேறுவது ஒரு பிடி கருவாடு, கத்தரிக்காய், மொச்சை, கெட்டிப் புளி. மறுநாள் பழைய சோற்றுக்கு அந்தக் குழம்பின் ருசி இன்னும் கூடியிருக்கும்.