பொழுதின் எல்லையும் உணர்வின் எல்லையும்: கிளியூர் அருவியை முன்வைத்துக் குறுந்தொகைப் பாடல்கள் இரண்டு

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பிய அகத்திணையியல் வகுக்கிறது. குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும், முல்லைக்குக் காரும் மாலையும் உரியன. இவ்வகுப்பைப் பாடலின் பின்புலம் என்ற அளவிலேயே நிறுத்திவிடும் போக்கு திணை வாசிப்பில் உண்டு. அவ்வாறு நிறுத்தும்போது, பொழுதை மாந்தர் எவ்வாறு உணர்கின்றனர் என்னும் வினா எழாமலே போகிறது. குறுந்தொகைப் பாடல்கள் இரண்டு அவ்வினாவை நேராகவே எழுப்புகின்றன.

அள்ளூர் நன்முல்லையாரின் குறிஞ்சிப் பாடலில் (32) தலைவன் காலை முதல் விடியல் ஈறாக ஐந்து பொழுதுகளை எண்ணி, அவற்றிடையே வேற்றுமை தெரியுமாயின் அக்காதல் மெய்யன்று என்கிறான். மிளைப்பெருங்கந்தனின் முல்லைப் பாடலில் (234) தலைவி, கதிர் மறைந்து முல்லை மலரும் வேளையை மட்டும் மாலை என்போரை அறியாதார் என்கிறாள். துணையற்றவர்க்கு விடியலும் பகலும் மாலையே. முன்னது பொழுதுகளின் எல்லையை அழிக்கிறது. பின்னது ஒரு பொழுதை ஏனையவற்றின்மீது விரிக்கிறது.

அளவிடப்படும் காலத்தினின்று உணரப்படும் கால நீட்சியை 1889இல் பிரித்துக் காட்டிய பிரெஞ்சு மெய்யியலார் ஆன்றி பெர்க்சனோடு இப்பாடல்களை இணைப்பது எளிது. ஆயின் அவ்விணைப்பு நிறைவுறாது. பெர்க்சன் உணர்வுக் காலத்தை இடத்தினின்று விடுவிக்கிறார். 234ஆம் பாடலோ செவ்வானம், முல்லைப்பூ, கோழியின் குரல் ஆகிய புற அடையாளங்களை விடாது பற்றிக்கொள்கிறது. மாலையின் மரபெல்லை உறுதியாக நின்றாலன்றி அதன் மீறல் துயராகப் புலப்படாது.

சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்துள்ள கிளியூர் அருவி இதற்கு நிலம்சார்ந்த ஒப்புமையாகிறது. ஏற்காடு ஏரியின் மிகைநீர் சென்று வீழும் இவ்வருவி மழைப்பருவத்தை ஒட்டிப் பெருகிக் கோடையில் மெலிகிறது. ஏரி தேக்கித் தருவதால் மழை ஓய்ந்த பின்னும் வீழ்ச்சி தொடர்கிறது. காண்போர் கண்முன் வீழ்வது கழிந்த மழையே. அதுபோல் தலைவியின் விடியலில் நீடிக்கும் மாலையும் வெறும் மயக்கமன்று. முன்னிகழ்ந்த பிரிவின் தொடர்ச்சியாகும். ஒப்புமைக்கும் எல்லை உண்டு. ஏரி தாழ்ந்தால் அருவி தானே ஓயும். தலைவியின் மாலையோ கதிர் எழுந்தும் ஓயாது, துணையின் வரவே அதற்கு முடிவு.

எனவே முதற்பொருள் பாடலின் பின்திரை அன்று. உணர்வுக் காலம் எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் காட்டும் அளவுகோலாகவே அது அமைகிறது. அக்கோலை நீக்கிவிட்டு அகப்பாடலின் காலத்தை மனநிலையாக மட்டும் சுருக்கும் வாசிப்பு மறுபரிசீலனைக்குரியது.