கணித அச்சுக்கோப்பில் வழுக்கள்

எழுத்தெண்ணிப் படித்தல் இலக்கிய மாணவர்க்கே உரிய பண்பென்று கருதுவாருளர். கணிதத்தை அச்சிற் காண்பார்க்கு அஃது அதனினும் இன்றியமையாதது. மடுல்சீமை மலைப்புறத்துப் பிள்ளைகளிடையே வழங்கிய மாதிரி வினாத்தாளொன்றில், 2 இன் 10 ஆம் அடுக்கு இருத்தல் வேண்டிய இடத்தில், 1 மட்டும் மேலேறி நிற்க, 0 கீழேயே தங்கிவிட்டது. விடை 1024. தாம் கண்டவாறே 20 என எழுதிய பிள்ளைகள் புள்ளி இழந்தனர். தாளை ஆக்கியவர் யாரென்பது ஈண்டு வேண்டாத செய்தி. வழு எங்ஙனம் நேர்ந்ததென்பதே ஆராய்தற்குரியது.

அத்தாள் லேடெக் என்னும் கணினி அச்சுக்கோப்பு முறையால் ஆக்கப்பட்டது. அதற்கு அடிப்படையான டெக்கைத் தோற்றுவித்தவர் அமெரிக்க அறிஞர் டொனால்டு கனூத். கணினி நிரலாக்கக் கலை பற்றிய தம் பெருநூலின் இரண்டாந் தொகுதிக்கு 1977 இல் வந்த அச்சுப்படியின் தோற்றங் கண்டு மனம் நொந்து, தாமே அம்முயற்சியில் இறங்கினார். லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அதன்மேல் லேடெக்கை அமைத்தார். ஒவ்வொரு குறியையும் அதன் தொழிலால் வகுத்து, அதற்கேற்ப இடைவெளி விடுதலே இம்முறையின் சிறப்பு. ஆதலின், தொழிலைப் பிழைபடக் கூறுவோனது பிழையையும் அஃது அழகாகவே அச்சிடும்.

மேலேற்றுங் குறி தன்னை அடுத்த ஓர் இலக்கத்தையே ஏற்றும். 10 ஐ நெளியடைப்புள் இட்டிருப்பின் வழு நேர்ந்திராது. 1,024 என்பதிலும் இடர்ப்பாடு உண்டு. கணிதப் பகுதியிற் காற்புள்ளி நிறுத்தற்குறியாகக் கொள்ளப்படுதலின், அதன்பின் இடைவெளி விழுந்து 1 உம் 024 உம் ஈரெண்களாய்த் தோன்றும். அதனையும் நெளியடைப்புள் இடுக. சைனுக்குரிய மூன்று எழுத்துக்களைப் பின்சாய்கோடின்றித் தட்டின், அவை சாய்வெழுத்தாகி மூன்று கணியங்களின் பெருக்கம்போல் நிற்கும். டொலர்க்குறிகளுக்கு வெளியே இட்ட சயக்குறியோ வெறுஞ் சொல்லிணைப்புக் கோடாய்க் குறுகிவிடும்.

இவற்றைக் காணும் சிலர், பிழையின் வேரை நோக்காது, கையால் இடைவெளிகளைச் செருகி ஒட்டுப்போடுகின்றனர். எழுத்தளவு மாறியவுடன் அவ்வொட்டுக்கள் பிரிந்து போதலை யான் பலகாற் கண்டுள்ளேன்.

தமிழில் எழுதுவார்க்குரிய வழுவொன்றும் உளது. என் கருத்தில் அதுவே மிகக் கொடியது. இரட்டை எண்ணாயின் ஒரு பெறுமானமும், ஒற்றை எண்ணாயின் வேறொரு பெறுமானமும் கொள்ளும் சார்பை வரையறுக்குமிடத்து, அந்நிபந்தனைகளைத் தமிழில் நேரே கணிதப் பகுதியுள் தட்டினால், கணித எழுத்துருவில் தமிழெழுத்தின்மையால் அச்சொற்கள் தாளில் தோன்றாமலே மறைந்துவிடும். வேலையும் நில்லாது, எழுத்தைக் காணவில்லையென்னும் எச்சரிக்கை மட்டும் பதிவுக்கோப்பிற் கிடக்கும். அதனைத் திறந்து பார்ப்பார் எத்துணைப் பேர்? சொற்பகுதியை அதற்கென உள்ள கட்டளையுள், தமிழ் எழுத்துருவுடன் இட்டால் இவ்விடர் நீங்கும். நிபந்தனை மறைந்த சார்பைப் பெறும் மாணவனோ, தான் அறியாத ஏதோ விதியுண்டென்று தன்னையே நொந்துகொள்வான்.

தட்டியவரே திரையிற் பார்த்துத் திருத்துதல் போதாது. தாம் எண்ணியதையே அவர் கண் காணும். வேறோர் ஆசிரியர், விடைத்தாளை நோக்காது, அச்சிட்ட படியைக்கொண்டே கணக்குகளைச் செய்து பார்த்தல் வேண்டும். அத்தாளை அங்ஙனம் செய்திருப்பின், கீழே நின்ற 0 முதல் நாளிலேயே அகப்பட்டிருக்கும்.