அரைப்பேர்

கூடலூர்ப் பக்கம் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் தன் வகுப்பிலிருந்து இரண்டு தாள்களைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டுக்கும் தலைப்பு 'மழை'. எழுதியவன் ஒரே பையன். முதல் தாளில், எழுத்துப் பிழைகளுக்கு நடுவே, 'மழ பேஞ்சா அம்மாவுக்கு அரப்பேரு' என்று ஒரு வரி. இந்தத் தாளை அண்ணனின் ஃபோனில் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துத் திருத்தி வாங்கியது இரண்டாவது. அதில் மலைகளின் அரசி பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள், மழைத்துளிகள் முத்துக்களாக இருந்தன, அம்மாவைக் காணோம். பையன் ஒப்படைத்ததும் மதிப்பெண் பெற்றதும் இரண்டாவதுதான். முதலாவது நோட்டுக்குள் மடிந்து கிடந்திருக்கிறது. மதிப்பெண் போட்டவர் நண்பரேதான். அதை அவர் மறைக்காததால்தான் இதைப் பற்றிப் பேச முடிகிறது.

அரைப்பேர் தோட்டத்துச் சொல். வேலைக்கு வந்தவருக்கு அன்றைக்குப் 'பேர்' விழ வேண்டும். பறித்த கொழுந்து எடைக்குப் போதாவிட்டால் பேர் பாதி, கூலியும் பாதி. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களைக் குடியமர்த்தத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உண்டாயின. பையனின் பாட்டி அந்த மூட்டை முடிச்சோடு கொண்டுவந்த சொல் இது. ஒரு மனுஷியின் பெயரையே பாதியாக வெட்டும் கணக்கு அதற்குள் இருக்கிறது. படிமம் படிமம் என்று இத்தனை காலம் பேசிவரும் நமக்கு இப்படி ஒன்று எத்தனை முறை வாய்த்திருக்கிறது?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்து, கல்வியில் இதன் தார்மீகம் என்றாலே காப்பியடிப்பதைப் பற்றித்தான் பேச்சு. 2023இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி, வகுப்பறையில் இதைப் பயன்படுத்தக் குறைந்தபட்சம் 13 வயதாவது வேண்டும் என்கிறது. தமிழக அரசின் 2020ஆம் ஆண்டுக் கொள்கை பன்மை, சமத்துவம், அந்தரங்கம் என்று அளவுகோல்களை வகுத்திருக்கிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இந்தப் பையன் காப்பியடிக்கவில்லை. தன் வரியைக் கொடுத்துவிட்டு யாருடையதும் அல்லாத ஒன்றை வாங்கி வந்தான். ஏமாற்றுவது பற்றிய விதி எதுவும் அவனைத் தொடாது.

யந்திரத்தை மட்டும் சாடுவது சௌகரியம். பரீட்சை நோட்ஸும் மாதிரிக் கட்டுரைகளும் முத்து மழையை நெடுங்காலமாகப் பொழிந்துவந்தவைதாம். அவற்றைப் படித்துத்தான் யந்திரமும் வளர்ந்திருக்கிறது. எனினும் ஒரு வித்தியாசம் உண்டு. நோட்ஸை மனப்பாடம் செய்தவனுக்கு அது இரவல் என்று தெரியும். அவனுடைய வாக்கியம், எழுதப்படாவிட்டாலும், கலையாமல் எங்கோ கிடந்தது. யந்திரமோ அவன் வாக்கியத்தையே கையில் வாங்கிக்கொண்டு, 'இதைத்தானே சொல்ல வந்தாய்' என்று வேறொன்றைத் திருப்பித் தருகிறது.

தேய்ந்த தொடர்களைக் கோப்பது எழுத்தாகாது என்று நம் வட்டத்தில் சிலர் சொல்லக்கூடும். இந்த வாதம் இதே மலையில் அடிபட்டுப்போகிறது. எமனோ 1935-38இல் சேகரித்து 1971இல் நூலாக்கிய தோடர் பாடல்களைப் பாருங்கள். மூன்று மூன்று அசைகளாலான தொடர்கள், அவற்றுக்கு இன்னது இணை என்ற சம்பிரதாயம், எல்லாம் முன்பே தயாராக இருப்பவை. பாடுகிறவர் அவற்றைக் கோத்துத்தான் புதுப்பாட்டு கட்டுகிறார். ஆனால் அந்தப் பாட்டு இந்தச் சாவுக்கானது, இந்த எருமைக்கானது. ஆளின் பெயரைச் சொல்லாமல் குறிப்பாகவே பாடினாலும், யாரைப் பற்றியது என்று கேட்பவர்கள் ஊகித்துக்கொள்கிறார்கள். பொய்யாகப் பாடினால் எதிரே இருப்பவர்களுக்குத் தெரிந்துபோகும். ஆக, தொடர் இரவலாக இருப்பது குற்றமல்ல. அதற்குப் பொறுப்பேற்க ஆள் வேண்டும், சாட்சி வேண்டும். யந்திரத்தின் மழைக்குச் சாட்சி கிடையாது. அது எந்த மலையிலும் பெய்யும்.

தோட்டத்துச் சொற்களையும் யந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்பார்கள். அடுத்த வருஷமே அது கற்றுக்கொள்ளலாம். அதன் பிறகு தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருடைய கட்டுரையிலும் ஓர் அரைப்பேரை மண்வாசனைக்காகத் தூவித் தரும். அம்மா அப்போதும் அங்கே இருக்கமாட்டாள்.

எனக்குத் தெரிந்த வழி சிறியது. பிள்ளை முதலில் தானே எழுதட்டும். பிறகு யந்திரத்திடம் கேட்கட்டும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தத் திருத்தத்தை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று அவனே ஆசிரியருக்குக் காரணம் சொல்லட்டும். எழுத்துப் பிழை திருந்தலாம். அரைப்பேர் ஏன் போகக்கூடாது என்று அவன் வாதாடட்டும். அந்த வாதாட்டம்தான் பாடம்.

நண்பர் இப்போது இரண்டு தாளையும் கேட்டு வாங்குகிறாராம். அந்தப் பையனுடைய மதிப்பெண்ணை மாற்றினீர்களா என்று கேட்டேன். பதிவேட்டில் ஏறிவிட்டது என்றார்.