போலிக் கடிகாரமும் பெயரற்ற கைகளும்

பொருளின் பயன் ஒன்றாகவும் அதன் மதிப்பு வேறொன்றாகவும் பிரிந்துவிட்ட சமுதாயத்திலே போலிகள் தோன்றுவது வியப்பன்று. பணத்தாளுக்குப் போலி உண்டு. ஓவியத்துக்கும் மருந்துக்கும் உண்டு. அவற்றைப் பெறுவோர் பெரும்பாலும் ஏமாற்றப்பட்டே பெறுகின்றனர். ஆனால், போலியென்று நன்கறிந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்ந்து, தேர்ந்தெடுத்துச் சேர்த்து மகிழ்வோரும் உலகில் உளர். ஆடம்பரக் கைக்கடிகாரங்களின் போலிகளைச் சேகரிப்போர் அத்தகையோர். கடிகாரத்துக்கும் கலை இலக்கிய ஏட்டுக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். மனிதன் தன்னைப் பிறர்முன் எவ்வாறு காட்டிக்கொள்ள விழைகிறான் என்பது இலக்கியத்தின் நெடுநாளைய பொருள். அவ்விழைவு எந்தப் பொருளாதார நிலைமையிலிருந்து பிறக்கிறது என்று கேட்பது விமர்சனத்தின் கடமை.

சீனாவின் குவாங்சோ நகரில், புகையிரத நிலையத்தை அண்டியுள்ள கடிகாரச் சந்தைகள் இவ்வணிகத்துக்குப் பேர்போனவை. முன்னாளைய போலியை இனங்காணல் எளிது. முள் விட்டுவிட்டுத் துடிக்கும், எழுத்துக் கோணலாயிருக்கும், பூச்சு உரிந்துவிடும். இந்நாளைய உயர்தரப் போலியோ வேறு வகையினது. றொலெக்ஸ் கடிகாரத்திலே திகதியை 2.5 மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு வில்லை உண்டு. ஆறு மணிக் குறியின் கீழ்க் கண்ணாடியில் நுண்ணிய முடிச் சின்னம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 904 எல் என்னும் உருக்கினால் உறை செய்யப்பட்டிருக்கும். இவையனைத்தையும், உள்ளிருக்கும் இயந்திரத்தின் அமைப்பையுங்கூட, இன்றைய போலி பின்பற்றுகிறது. பொருளை அனுப்புமுன் விற்பவன் அதன் நிழற்படங்களையும், ஓட்டத்தை அளக்கும் கருவி காட்டிய எண்களையும் அனுப்புவான். உள்வளையத்து எழுத்துக்கள் நிமிடக் கோடுகளுக்கு நேரே நிற்கின்றனவா, திகதி சாளரத்தின் நடுவில் அமைந்துள்ளதா என்றெல்லாம் பார்த்த பின்னரே வாங்குபவன் ஏற்பான், அல்லது மறுப்பான்.

இந்நுண்ணறிவை எள்ளி நகையாடுதல் எளிது, ஆயினும் நியாயமாகாது. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காணும் பதிப்பாசிரியனின் பொறுமை இவர்களிடம் உண்டு. அவனும் பிழை தேடுகிறான், இவர்களும் தேடுகின்றனர். ஆனால் நோக்கம் முற்றிலும் மாறானது. அவன் மூலத்தின் உண்மையைக் காண்பதற்காகப் பிழையைத் தேடுகிறான். இவர்கள் பிறர் கண்ணுக்கு உண்மை தட்டுப்படாதிருக்கவே தேடுகின்றனர். உழைப்பின் நேர்த்தியை அறியும் கண் இவ்வாறு மறைப்பின் பணியாளாகிவிடுவது வருந்தத்தக்கது.

இனி, மூலம் எனப்படுவதை நோக்குவோம். அதன் விலை நேரங்காட்டும் திறமைக்கு உரியதன்று. 1969 டிசெம்பர் 25இல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டதோடு அவ்வாதம் முடிந்துபோயிற்று. மிகச் சிறந்த சுவிஸ் பொறிக் கடிகாரமே நாளொன்றுக்கு இரண்டு விநாடிவரை பிசகலாம். மலிவான குவாட்ஸ் கடிகாரமோ மாதத்துக்கு ஏறத்தாழ 15 விநாடியே பிசகும். புதிய பொறியின் வரவையொட்டி எழுந்த நெருக்கடியில் சுவிஸ் கடிகாரத் தொழிலாளரின் தொகை 1970இல் இருந்த ஏறக்குறைய 90,000இலிருந்து 1980களின் நடுப்பகுதியில் 30,000 அளவுக்கு வீழ்ந்தது. அதற்குப் பின் பொறிக் கடிகாரம் அந்தஸ்தின் சின்னமாகவே பெரிதும் விற்கப்பட்டது. நடிகர் போல் நியூமன் அணிந்திருந்த றொலெக்ஸ் ஒன்று 2017இல் நியூயோர்க் ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கும் அதிகமாக விலைபோயிற்று. அதன் உருக்கும் பற்சக்கரமும் அவ்விலையைப் பெற்றுத் தரவில்லை. பகட்டுக்காகச் செய்யப்படும் நுகர்வு பற்றி வெப்லன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1899இலேயே விரித்துரைத்தது இங்கு நினைக்கத்தக்கது.

இதனைக் காட்டி நம்மவருள் ஒருசாரார், "செல்வரின் சின்னத்தைச் சில நூறு டொலருக்கு எளியோர் கைக்குக் கொண்டுவருவது ஒருவகைச் சமத்துவமே; அது முதலாளித்துவத்தின் மாயையை உடைப்பது" என்பர். கவர்ச்சியான வாதந்தான், ஆனால் ஆராய்ந்தால் நிலைபெறாது. போலியின் ஒவ்வொரு கோடும் மூலத்துக்குச் செய்யப்படும் வணக்கமாகும். முடிச் சின்னம் வெறுமை என்று கருதுபவன் அதனைத் தன் மணிக்கட்டில் தாங்க விரும்பான். பரீட்சையில் பார்த்தெழுதும் மாணவன் பரீட்சை முறையை எதிர்த்துப் போராடுபவன் அல்லன். அதன் பெறுபேற்றை மற்றெவரினும் மேலாக மதிப்பவன் அவனே. அவனைக் கண்டிக்கும் ஆசிரியன், பெறுபேறு ஒன்றையே மனிதனின் அளவுகோலாக்கிய முறையையும் கண்டிக்கக் கடமைப்பட்டவன். போலிக் கடிகாரத்தைக் கண்டிப்போர்க்கும் இது பொருந்தும்.

மறுபுறம், பெருநிறுவனங்களின் ஒழுக்கக் கூச்சலை நாம் அப்படியே எதிரொலிக்க வேண்டியதில்லை. வரலாறு அவர்களுக்கு அத்தனை சாதகமானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே இலண்டன் பெயர்களைப் பொய்யாகப் பொறித்த கடிகாரங்கள் சுவிற்சர்லாந்திலிருந்தும் வெளிவந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கடிகாரங்களின் பெயரையும் தோற்றத்தையும் ஒத்த சுவிஸ் போலிகள் அமெரிக்கச் சந்தையில் விற்கப்பட்டன. பாரிஸ் நகரத்துப் பிரெகே தம் படைப்புக்களைப் போலிகளிலிருந்து காக்க 1795 அளவில் இரகசியக் கையொப்பத்தைப் பொறிக்கத் தொடங்கினார். இன்றுங்கூட, 2017இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் விதியின்படி உற்பத்திச் செலவின் 60 வீதமேனும் அந்நாட்டில் ஏற்படவேண்டும். அதனோடு ஏனைய நிபந்தனைகளும் நிறைவேறினால் கடிகாரம் சுவிஸ் தயாரிப்பெனப் பெயர்பெறும். எஞ்சிய பகுதி பிறநாட்டுத் தொழிலாளியின் கையிலிருந்து வரலாம்; அவனைப் பற்றி முகப்பில் ஒரு சொல்லும் இராது.

இங்கேதான் பிரச்சினையின் உள்ளீட்டை எட்டுகிறோம். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில் தொழிற்பிரிவினையை விளக்கப் புகுந்த மார்க்ஸ் எடுத்துக்கொண்ட உதாரணம் கடிகாரமே. ஒரு காலத்தில் தனியொரு கைவினைஞனின் படைப்பாயிருந்த அது, எண்ணற்ற பகுதித் தொழிலாளரின் கூட்டுப் படைப்பாக மாறியதை அவர் அங்கு நிரல்படுத்திக் காட்டினார். அவர்களின் பெயர்கள் முகப்பில் இடம்பெறவில்லை. நிறுவனத்தின் பெயர் மட்டுமே நின்றது. போலியைச் செய்யும் தொழிலாளியோ இரட்டிப்பாக மறைக்கப்படுகிறான். தன் பெயர் இல்லாததோடு, தன்னை வேலைக்கமர்த்தியவனின் பெயர்கூட அவன் செய்த பொருளில் இல்லை. சட்டத்துக்கு மறைவான தொழிலில் கூலி, வேலைநேரம், விபத்து என்பன குறித்து அவன் வெளிப்படையாக முறையிடுவது அரிது.

அவனது திறமை இரவல் திறமையுமன்று. சீனாவின் தியன்ஜின் நகரில் 1955இல் அந்நாட்டின் முதற் கைக்கடிகாரத்தைத் தொழிலாளர் உருவாக்கினர். 1960களில் சுவிஸ் வடிவமைப்பையும் கருவிகளையும் வெளிப்படையாக விலைக்குப் பெற்று, விமானப் படையினருக்கான நேரமானிகளையும் அங்கு செய்தனர். பிறரிடம் கற்றலும் பிறர் பெயரில் ஒளிதலும் வெவ்வேறு. மயிரிழையளவு பிசகாது உருக்கைச் செதுக்கும் கை, தன் ஊரின் பெயரை முகப்பில் எழுதக் கூசவேண்டிய நிலை எவ்வாறு வந்தது? மேற்கத்தியப் பெயரே மதிப்புத் தருவது என்று உலகச் சந்தை தீர்ப்பளித்துவிட்டது. போலியைத் தேர்ந்து சேர்ப்பவன் அத்தீர்ப்புக்கு ஒப்பமிடுகிறான்.

பொறியின் நுட்பத்தில் உண்மையான ஈடுபாடு உடையவனுக்கு வழி இல்லாமலில்லை. நல்ல போலி ஒன்றின் விலைக்கோ அதனிலும் குறைவாகவோ, தன் பெயரிலேயே வெளிவரும் ஜப்பானிய, சீனப் பொறிக் கடிகாரம் கிடைக்கும். நேரம் மட்டும் வேண்டுவோர்க்குக் குவாட்ஸ் போதும். அந்தஸ்தை வேண்டுவோரே போலிக்கும் மூலத்துக்கும் இடையில் அல்லற்படுவர்.

ஆகவே போலி வாங்கியவனைப் பழித்துவிட்டு, மூலம் வாங்கியவனை மதித்து ஒதுங்குவது எம்மைப் போன்றோர் செய்யத்தக்கதன்று. திகதி எழுத்தின் நடுநிலையை உருப்பெருக்கியால் அளக்கும் அதே கண், அதனைப் பொருத்தியவனின் கூலி என்ன, அவன் நாளுக்கு எத்தனை மணிநேரம் குனிந்திருந்தான் என்று கேட்கப் பழகவேண்டும். அக்கேள்வியை மூலத்திடமும் கேட்கவேண்டும், போலியிடமும் கேட்கவேண்டும். வகுப்பறையிலே எமது மாணவருக்கு நாம் கற்பிக்கவேண்டிய மதிப்பீட்டு முறை இதுவே.