ஒரே மேசை, நான்கு உடைமையாளர்: 'த இன்சைட் ஸ்ரோரி' விவரணத் தொடர் பற்றி ஒரு நோக்கு

ஒரு தொலைக்காட்சி நிறுவனம் தனது நிகழ்ச்சியொன்றின் வரலாற்றைத் தானே விவரணப்படமாகத் தயாரித்துத் தனது அலைவரிசையிலேயே காட்டுமாயின், அதனை வரலாறு என்று கொள்வதா விளம்பரம் என்று கொள்வதா என்னும் ஐயம் எழுவது இயல்பே. ஐக்கிய அமெரிக்காவின் ரி.என்.ரி. நிலையம் 2021ஆம் ஆண்டு நான்கு பகுதிகளாக ஒளிபரப்பிய 'த இன்சைட் ஸ்ரோரி' என்னும் தொடர் இவ்வகையைச் சார்ந்தது. தொழில்முறைக் கூடைப்பந்தாட்டப் போட்டிகளை ஒட்டி நடைபெறும் 'இன்சைட் த என்.பி.ஏ.' என்னும் உரையாடல் நிகழ்ச்சியே அதன் பொருள். இத்தகைய 'இலேசான' விடயமொன்றை ஆய்விதழில் எடுத்து நோக்குவது அவசியந்தானா எனச் சிலர் வினவக்கூடும். நாவலையும் கவிதையையும் சமூக உற்பத்தியாக நோக்கப் பழகியவர்கள், அவற்றினும் பன்மடங்கு மக்களைச் சென்றடையும் ஒரு வடிவத்தின் முன் மட்டும் கண்ணை மூடிக்கொள்வது எவ்வாறு பொருந்தும்?

நிகழ்ச்சியின் அமைப்பு எளியது. அற்லாண்டா நகரிலுள்ள கலையகத்தில் ஒரு மேசை. அதன் பின்னே நால்வர். 1990 முதல் நிகழ்ச்சியை நடத்திவரும் எர்ணி ஜோன்சன் இவ்விளையாட்டைத் தொழிலாக ஆடியவரல்லர். ஒலிபரப்பாளர் ஒருவரின் மகன். ஏனைய மூவரும் முன்னாள் ஆட்டக்காரர்: 1998இல் வந்த கெனி ஸ்மித், 2000இல் வந்த சார்ள்ஸ் பார்க்லி, 2011இல் வந்த ஷக்கீல் ஓநீல். ஆட்டத்தை ஆராய்வது அவர்களது பணி. ஆயினும் பெரும்பாலான இரவுகளில் நிகழ்வது கேலியும் சச்சரவும் ஒருவரை ஒருவர் மடக்குதலுமே. பதினாறு பருவங்கள் ஆடியும் ஒருமுறையேனும் சம்பியன் பட்டம் பெறாத பார்க்லியை, பட்டம் பெற்ற மற்றை இருவரும் சீண்டுவது பல்லாண்டாகத் தொடரும் பகிடி. தோற்று வெளியேறும் அணியினரை மீன்பிடிப் படகில் அமர்த்திக் காட்டும் ஒட்டுப்படம் இன்னொன்று. அறிவார்ந்த பகுப்பாய்வை எதிர்பார்த்து அமர்பவர் ஏமாறுவர். ஆனால் அப்பகுப்பாய்வைத் தரும் நிகழ்ச்சிகள் பல மறக்கப்பட்டுவிட, இது நிலைத்தது.

இந்நிலைபேற்றுக்கு விவரணத் தொடர் தரும் விளக்கம் நட்பு என்பதே. பழைய ஒளிப்பதிவுகளும் உரியவர்களின் நினைவுரைகளும் மாறிமாறி வர, ஒத்திகையற்ற பேச்சும் மனம்விட்ட சிரிப்பும் பொதுத் துயரங்களும் சேர்ந்து ஒரு 'குடும்பம்' உருவான கதை நமக்குச் சொல்லப்படுகின்றது. இதனை முற்றாகப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. 2020 ஜனவரியில் கோபி பிறயன்ற் ஹெலிகொப்ரர் விபத்தில் இறந்தபின், லொஸ் ஏஞ்சல்ஸின் வெறுமையான விளையாட்டரங்கின் நடுவே அமர்ந்து அவர்கள் பேசியதையும் ஓநீல் அழுததையும் கண்டவர் எவரும் அதை நடிப்பு எனத் துணியார். இடர்ப்பாடு, உண்மையான இவ்வுணர்ச்சியை விளக்கத்தின் இடத்தில் வைத்துவிடுவதிலேயே உள்ளது. நால்வருக்குமிடையிலான உறவு கூறப்படுகின்றது. அந்நால்வருக்கும் அம்மேசையின் உடைமையாளருக்குமிடையிலான உறவு கதைக்குப் புறத்தே நின்றுவிடுகின்றது.

இவ்விடத்தில் நம்மிற் சிலர் வழக்கமாகக் கையாளும் குறுக்குவழி ஒன்றையும் தவிர்த்தல் வேண்டும். பொழுதுபோக்கு என்பது வேலைநேரத்தின் நீட்சியே என்று அடோர்ணோவும் ஹோர்க்ஹைமரும் பண்பாட்டுக் கைத்தொழில் பற்றி எழுதியதை அப்படியே இங்கு பொருத்தி, 'மக்களை மயக்கும் சிரிப்பு' எனத் தீர்ப்பளித்துவிடலாம். அது சோம்பலான தீர்ப்பு. பிறெக்ற் 1920களிலேயே, விளையாட்டரங்கின் பார்வையாளரிடமிருந்து நாடக அரங்கு கற்கவேண்டியது உண்டு என வாதிட்டவர். தாம் பார்ப்பதைத் தாமே மதிப்பிடவல்ல பார்வையாளர் அவரது கவனத்தை ஈர்த்தனர். இந்நிகழ்ச்சியின் சிரிப்பிலும் அத்தகைய ஓர் அடிநிலைக் கூறு உண்டு. அலபாமா மாநிலத்தின் லீட்ஸ் என்னும் சிற்றூரில் தாயினதும் பாட்டியினதும் உழைப்பில் வளர்ந்த பார்க்லி, அறிவிப்பாளருக்குரிய பண்படுத்தப்பட்ட மொழியைக் கற்றுக்கொள்ளவே இல்லை. 1993இல், தான் எவருக்கும் முன்மாதிரியல்லன் என்று ஒரு காலணி விளம்பரத்திலேயே கூறியவர் அவர். 2007இல் லாஸ் வேகாஸில் 67 வயது நடுவர் டிக் பவெற்றாவுடன் ஓட்டப்பந்தயம் ஓடி வென்றபோது, வெற்றியைவிடத் தமது பருமனையும் மூச்சிரைப்பையுமே காட்சிப்பொருளாக்கினார். விளையாட்டு வீரனைப் பளிங்குச் சிலையாக்கி விற்கும் ஒரு வணிகத்தின் நடுவில், அச்சிலை தன்னைத்தானே கேலி செய்வது அற்பமான செயலன்று. மக்கள் அதை விரும்பியதற்குக் காரணம் உண்டு.

ஆயின் அதே சிரிப்பு திசைமாறும் வேளைகளும் உள. ஆட்டக்காரரின் தடுமாற்றங்களைத் தொகுத்து எள்ளும் ஓநீலின் பகுதியை எடுத்துக்கொள்வோம். அதில் அடிக்கடி அகப்பட்ட ஜவேல் மக்கீ 2017இல் பகிரங்கமாகவே முரண்பட்டார். தமது தொழிற்பெயருக்கு நேர்ந்த சேதம் அவருக்குப் பகிடியாகத் தோன்றவில்லை. அவ்வாறே, நீண்ட பருவத்தில் ஓய்வு பெற்று உடலைப் பேணும் இக்கால ஆட்டக்காரரைப் பழையவர்கள் மேசையிலிருந்து கடிந்துகொள்வது வழக்கம்: 'நாங்கள் நோவோடும் ஆடினோம்.' இக்குரல் நமக்குப் புதிதன்று. ஒருகாலத்தில் கொழுந்து கொய்த கைகளை மறந்து பெயர்ப் பதிவோடு நிற்கும் தோட்டத்துக் கங்காணியின் குரல் அது. உழைப்பு ஒழுங்கைப் பற்றிய முதலாளியின் வேண்டுகோள், முன்னாள் உழைப்பாளியின் வாயால் அனுபவமாக வெளிப்படும்போதே அதற்கு அதிக வலு.

கோடிக்கணக்கில் ஊதியம் பெறுவோரை உழைப்பாளர் எனலாமா என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண இவ்விளையாட்டின் தொழிற்சங்க வரலாற்றை நோக்கவேண்டும். ஆட்டக்காரரின் சங்கம் 1954இல் அமைந்தது. 1964 ஜனவரியில் பொஸ்ரன் நகரில் நட்சத்திர ஆட்டக்காரரின் ஆண்டுப் போட்டி, தேசிய தொலைக்காட்சியில் மாலைநேர நேரடி ஒளிபரப்பாகவிருந்த வேளை, ஓய்வூதியத் திட்டத்திற்கு உறுதி கிடைக்கும்வரை களமிறங்கோம் என வீரர் உடைமாற்றும் அறையிலேயே இருந்துவிட்டனர். ஒளிபரப்பு நேரம் நெருங்க நெருங்க ஆணையாளர் இறங்கிவந்தார். ஆட்டக்காரரை ஓரணிக்குப் பிணைத்துவைத்த விதியை எதிர்த்து ஒஸ்கார் றொபேட்சன் 1970இல் தொடுத்த வழக்கு 1976இல் இணக்கத்தில் முடிந்தது. இன்றைய ஊதியம் உடைமையாளரின் பெருந்தன்மையால் வந்ததன்று, இவ்வழியே பறித்தெடுக்கப்பட்டது. தொலைக்காட்சிக் கமரா தம்மைச் சுரண்டும் கருவி மட்டுமன்று, தமது பேரம்பேசும் ஆயுதமுமாகும் என்பதை 1964இன் வீரர் கண்டுகொண்டமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இப்பின்னணியிலேயே 2020 ஓகஸ்ட் 26ஆம் நாளை வைத்து நோக்கவேண்டும். விஸ்கொன்சின் மாநிலத்தின் கெனோஷாவில் ஜேக்கப் பிளேக் என்னும் கறுப்பினத்தவரைப் பொலிசார் ஏழுமுறை சுட்டு மூன்று நாளாகியிருந்தது. பெருந்தொற்றின் காரணமாகப் புளோரிடாவில் அடைக்கப்பட்ட சூழலில் ஆடிக்கொண்டிருந்த மில்வோக்கி அணியினர், அன்றைய ஆட்டத்துக்குக் களமிறங்க மறுத்தனர். பத்திரிகைகள் அதைப் 'பகிஷ்கரிப்பு' என்றன. கூட்டு உடன்படிக்கை வேலைநிறுத்தத்தைத் தடைசெய்திருக்க, அதனை மீறி உழைப்பை நிறுத்திவைத்த செயலுக்குச் சரியான பெயர் வேலைநிறுத்தம் என்பதே. அன்றிரவு நேரடி ஒளிபரப்பின் நடுவே கெனி ஸ்மித், ஒரு கறுப்பினத்தவனாகவும் முன்னாள் ஆட்டக்காரனாகவும் வீரருடன் நிற்பதே தமக்குத் தகும் என்ற கருத்துப்படப் பேசி, ஒலிவாங்கியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து சென்றார். ஏனைய மூவரும் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஓநீல் அப்போது சக்ரமென்ரோ அணியின் பங்குடைமையாளருள் ஒருவர் என்பதையும் குறிப்பிடவேண்டும். 2013இல் வாங்கிய பங்கை அவர் 2022இலேயே விற்றார். அவர் அமர்ந்திருந்ததற்கு அதுவே காரணமென்பது என் வாதமன்று. 'முன்னாள் ஆட்டக்காரர்' என்ற ஒரே சொல்லால் நாம் குறிக்கும் ஒரே மேசையில், உழைப்பும் உடைமையும் அருகருகே அமர்ந்திருந்தன என்பதே கவனத்துக்குரியது.

இரு தசாப்தங்களின் ஒளிப்பதிவுகளுள் இந்நிகழ்ச்சியின் மிக உயர்ந்த நாடகத் தருணம் இதுவே என்பது என் மதிப்பீடு. அங்கு பகிடி இல்லை, குடும்பமும் இல்லை. தனது இருக்கை எதன்மேல் அமைந்துள்ளது என்பதை ஒருவர் அதை விட்டெழுவதன் மூலம் காட்டினார். நட்பின் கதையாகப் பின்னப்பட்ட விவரணத்துள் இத்தகைய தருணம் எவ்வளவு மரியாதையுடன் வைக்கப்பட்டாலும், தனிமனித நேர்மையின் உருக்கமான காட்சியாகவே சுருங்கிவிடும். அதன் கூட்டுத்தன்மையை, அதாவது களத்திலுள்ளோர் செய்த வேலைநிறுத்தத்தைக் கலையகத்திலுள்ள ஒருவர் மதித்தார் என்பதைச் சொல்ல அக்கதை வடிவத்தில் இடமில்லை. (மூன்று நாளில் ஆட்டங்கள் மீளத் தொடங்கின, வென்றெடுக்கப்பட்டவை வரையறைக்குட்பட்டவையே. அது தனியே ஆராயவேண்டிய விடயம்.)

தொடர் தொட்டுச்செல்லாத உடைமையுறவை, அது வெளிவந்தபின் நிகழ்ந்தவை அம்பலத்துக்குக் கொணர்ந்தன. பார்க்லி வந்தமர்வதற்கு முன்னரே அம்மேசை ஒருமுறை கைமாறிவிட்டது: ரெட் ரேணரின் கம்பனியை 1996இல் ரைம் வார்ணர் வாங்கியது. அதனை 2018இல் ஏ.ரி. அன்ட் ரி. என்னும் தொலைபேசிப் பெருநிறுவனம் விழுங்கியது. விவரணத் தொடர் வெளிவந்த ஆண்டில் உடைமையாளர் அந்நிறுவனமே. 2022இல் அது கழற்றிவிட, வார்ணர் பிறதேர்ஸ் டிஸ்கவரி உருவாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் அதன் தலைவர் டேவிட் சாஸ்லவ், தமக்குக் கூடைப்பந்தாட்டம் இன்றியமையாததன்று என்ற கருத்தை முதலீட்டாளர் முன்னிலையிற் கூறினார். 2024 ஜூலையில் டிஸ்னி, என்.பி.சி., அமேசன் ஆகியவற்றுடன் பதினொரு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 7,600 கோடி டொலர் பெறுமதியான ஒளிபரப்பு உரிமை ஒப்பந்தத்தை லீக் செய்துகொண்டது. ரி.என்.ரி. வெளியே நின்றது, வழக்குத் தொடுத்தது, நவம்பரில் இணங்கியது.

இவ்விடைக்காலத்திற் பார்க்லி தமது மேலதிகாரிகளைக் கோமாளிகள் என்று வெளிப்படையாகவே ஏசினார். அத்துடன் அவர் கவலைப்பட்டது தம்மைப் பற்றியல்ல. திரைக்குப் பின்னால் வேலைசெய்யும் குடும்பத்தினரைப் பற்றி. குடும்பம் என்ற சொல் இங்கு பொருள்மாறுவதைக் காண்க. விவரணத்தில் அது நால்வருக்கிடையிலான பாசத்தைக் குறிப்பது. பார்க்லியின் வாயில் அது வாடகை கட்டவும் பிள்ளைகளைப் படிப்பிக்கவும் வேண்டியவர்களைக் குறித்தது: ஒட்டுப்படம் வெட்டுவோர், ஒலி சீர்செய்வோர், பழைய நாடாவைத் தேடியெடுப்போர். மீன்பிடிப் படகின் பகிடி அவர்கள் கைவேலை. நட்சத்திரங்களின் மனப்பொருத்தமே நிகழ்ச்சியைப் படைத்தது என்னும் விளக்கத்தில் மறைந்துபோன உழைப்பை, அந்நட்சத்திரங்களுள் ஒருவரே கோபத்திற் பெயர்சொல்லி அழைக்கும்படியாயிற்று.

2025 மே 31இல் ரி.என்.ரி.யில் அந்நிகழ்ச்சி இறுதியாக ஒளிபரப்பாயிற்று. அவ்வாண்டு ஒக்ரோபர் முதல் அது இ.எஸ்.பி.என். அலைவரிசையில் வருகின்றது. தயாரிப்பவர் பழைய நிறுவனத்தினரே, கலையகம் அற்லாண்டாவிலேயே, நால்வரும் அவர்களே. போட்டியை ஒளிபரப்பும் உரிமையை இழந்த கம்பனி, போட்டி பற்றிய பேச்சை மட்டும் தனியே பிரித்து மற்றொரு கம்பனிக்கு உரிமம் கொடுத்து விற்கின்றது. ஆட்டம் ஒரு சரக்கு, அதைப் பற்றிய சிரிப்பு இன்னொரு சரக்கு என்று பிரிந்து விலைபெறும் இந்நிலையை விளக்க ஒரு விவரணப்படம் வேண்டும். அதை எடுக்கக்கூடிய நிலையில் அவ்விரு கம்பனிகளுள் எதுவும் இல்லை.