எட்டுப் படிகளும் இரண்டு யன்னல்களும்
— பதுளைப் பாதையின் அமெரிக்க டீசல் எஞ்சினில் சாரதி அறை: ஒரு விமர்சன நோக்கு —

சங்க இலக்கியத்தின் முல்லைப் பாடல்களில் வினைமுடித்து மீளும் தலைவன் பாகனை விளித்து, தேரை விரைந்து செலுத்துமாறு கூறுவான். பாகன் மறுமொழி பகர்வது அரிது. அவன் கை எதைப் பற்றியிருந்தது, கண் எதை நோக்கியது என்பன பாடலின் பொருளாவதில்லை. மலையக இலக்கியத்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. கோச்சி அங்கு பெட்டியின் யன்னலிலிருந்தோ, மலைச்சரிவிலிருந்தோ, நிலைய மேடையிலிருந்தோ காணப்படுகிறது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரை ஏற்றிச் சென்ற வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என மக்கள் பெயரிட்டனர். அப்பெயரிலும் அழுதவர் உளர், இழுத்தவர் இலர்.

சாரதி அறை என்பது மனிதனால் ஆக்கப்பட்ட ஒன்று. அதனுள் இருக்கப்போகிறவன் எதைக் காண்பான், எதைத் தொடுவான், எவரை நம்புவான் என்பன பற்றி அதனை அமைத்தவன் ஒரு கருத்தை இரும்பிலே எழுதிவைக்கிறான். அக்கருத்து கவிதையின் கருத்தைப் போலவே ஆய்வுக்குரியது.

நமுனுகுலை மலைச்சாரலிலுள்ள ஸ்பிரிங்வெளித் தோட்டத்தார்க்குப் புகையிரதம் என்பது பதுளை நிலையமே. பாதை அங்கு முடிவுறுகிறது. 1885இல் நானுஓயாவையும், 1893இல் ஹப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டிய இருப்புப் பாதை, பதுளையை அடைய 1924 வரை சென்றது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர் நீளும் இப்பாதையின் அதியுயர் இடம், கடல் மட்டத்திலிருந்து 1,898 மீட்டர் உயரத்திலுள்ள பட்டிப்பொல. நாற்பத்துநான்கு அடிக்கு ஓரடி என்னும் ஏற்றமும், நூறு மீட்டர் அளவே ஆரமுள்ள வளைவுகளும் இதன் இயல்பு. சாரதி அறை பற்றிய எந்த மதிப்பீடும் இவ்வளைவுகளை உரைகல்லாகக் கொள்ளவேண்டும்.

1954 முதல் இலங்கைக்கு வந்த எம்2 வகை எஞ்சின்கள் அமெரிக்க ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஜி12 வடிவத்தைச் சார்ந்தவை. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கியவற்றுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிற்றோபா என அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. வடிவத்தின் வேர், அமெரிக்காவில் சரக்கு வண்டிகளை இழுக்கவும் நிலைய முற்றங்களில் பெட்டிகளைக் கோக்கவும் ஒருங்கே பயன்பட்ட எஞ்சின்களில் உள்ளது. அவ்விரட்டைத் தொழிலே சாரதி அறையின் அமைப்பையும் தீர்மானித்தது. ஒரு புறம் குட்டையான மூக்கு. மறுபுறம் இயந்திரத்தை மூடிய நெடிய மூக்கு. இடையில் ஒரேயோர் அறை. முன்னும் பின்னுமாக இரு திசையிலும் ஓடுதல் வேண்டும் என்பதே நோக்கம்.

அறையினுள் சாரதியின் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பீடம் உண்டு. த்ரொட்டில் நெம்புகோல், திசைமாற்றும் பிடி, தடுப்புப் பிடிகள், அமுக்கமானிகள், மோட்டர்களுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் காட்டும் மானி, சில்லு வழுக்கினால் எரியும் விளக்கு ஆகியவை அதனைச் சூழ அமைந்துள்ளன. த்ரொட்டிலுக்கு எட்டுப் படிகள். நீராவி எஞ்சினின் பிடியைப் போல அது எதனையும் நேரடியாகத் திறப்பதில்லை. அது மின்சாரக் குறிப்பை அனுப்ப, நான்கு மின்காந்த வால்வுகள் பல சேர்க்கைகளில் இயங்கி டீசல் இயந்திரத்தின் வேகத்தை நிமிடத்துக்கு 275 சுற்றுகளிலிருந்து 835 வரை படிப்படியாக உயர்த்துகின்றன. நீராவிக் காலச் சாரதியின் கைக்குள் இருந்த நுண்மை இவ்வாறு எட்டு எண்களாகச் சுருங்கியது எனக் குறைகூற இடமுண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று. ஒவ்வொரு படிக்கும் தனியொரு தொனி உண்டு. மலைச்சரிவில் கொழுந்து பறிப்போரும் அத்தொனியைக் கொண்டு ஏற்றத்தில் வண்டி படும் பாட்டை அறியலாம். இரண்டாவதாக, நுண்மை மறையவில்லை, இடம் மாறியது. ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய மோட்டர்களுக்குச் செல்லும் மின்னோட்டம் பெருகும், வெப்பம் ஏறும். எட்டாம் படியில் எத்துணை நேரம் நிற்கலாம், மழையில் நனைந்த தண்டவாளத்தில் எப்போது மணல் இடவேண்டும் என்பன மானியின் ஊசியைப் படிப்பவனின் தேர்ச்சியில் தங்கியுள்ளன.

பீடத்தின் சிறப்பு அதன் தொடுதன்மையிலேயே உள்ளது. பிடிகள் வெவ்வேறு உயரத்திலும் வெவ்வேறு உருவிலும் அமைந்திருப்பதால் கண்ணின் துணையின்றியே கை அவற்றைக் கண்டுகொள்கிறது. திசைப்பிடியைக் கழற்றி எடுத்துவிட்டால் த்ரொட்டில் இயங்காது. இவ்வமைப்பில் சாரதி யன்னலுக்கு வெளியே தலைநீட்டிப் பின்னோக்கி மேடையைப் பார்த்தவாறே முதற்படியை இடலாம். வண்டியின் கதவுகளில் மக்கள் தொங்கிக்கொண்டு விடைபெறும் நிலையங்களில் இது சிறிய வசதியன்று. 1980களின் இறுதியில் அமெரிக்க உற்பத்தியாளர் பீடத்தை நீக்கி, அலுவலக மேசையை ஒத்த அமைப்பைப் புகுத்தினர். பின்னோக்கி இயக்குகையில் கை எட்டவில்லை, உடலை முறுக்கவேண்டியுள்ளது எனச் சாரதிகள் முறையிட்டனர். பின்னர்ப் பல கம்பனிகள் பழைய பீடத்துக்கே திரும்பின.

இத்துணை நன்மை பெற்ற அறையின் குறை, அதன் மற்றைய யன்னலில் உள்ளது. நெடிய மூக்கு முன்னே செல்லும்போது சாரதிக்குத் தன் பக்கத்துப் பாதை மாத்திரமே தெரியும். அவன் பக்கம் வளையும் வளைவில் தண்டவாளம் கண்முன் விரிகிறது. எதிர்ப்பக்கம் வளையும்போது அது மூக்கின் பின்னால் மறைந்துவிடுகிறது. அமெரிக்கச் சமவெளியின் நெடுநேர்ப் பாதையில் இது பொறுக்கத்தக்க குறை. ஹப்புத்தளைக்கும் ஒஹியவுக்கும் இடையில், வலமும் இடமும் மாறிமாறி வளையும் பாதையில், அது பயணத்தின் பாதியை மறைக்கிறது. மறைந்த பாதியைக் காண்பவர் உதவியாளர். கைகாட்டி இறங்கியுள்ளதா, மண்சரிவு உளதா, பாதையில் மாடு நிற்கிறதா என்பதை அவரே கண்டு குரல்கொடுக்கவேண்டும். ஆனால் அடிப்படை வடிவம் அவருக்கு ஓர் ஆசனத்தையும் யன்னலையும் தந்து, மிஞ்சினால் அவசரத் தடுப்புக்கான ஒரு வால்வையும் சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது. ஊசிகள் யாவும் சாரதியை நோக்கித் திரும்பியுள்ளன. பாதி வழியைக் காண்பவர்க்கு வண்டியின் நிலை காட்டப்படுவதில்லை. வண்டியின் நிலையைக் காண்பவர்க்குப் பாதி வழி காட்டப்படுவதில்லை. உதவியாளரைச் சும்மா இருப்பவராகக் கருதிய வடிவம், அவரின்றி இயங்கமுடியாத பாதைக்கு வந்து சேர்ந்தது என்பதே இவ்வறையின் முரண்.

தடுப்பின் நிலையும் நோக்கற்பாலது. அமெரிக்க வண்டிகள் அழுத்தப்பட்ட காற்றினால் நிறுத்தப்படுபவை. இலங்கையின் பெட்டிகளிலோ வெற்றிடத் தடுப்பே நெடுங்காலம் வழங்கியது. எனவே எஞ்சினுக்குக் காற்றும் வண்டிக்கு வெற்றிடமும் என இரு முறைகள் ஒரே பீடத்தில் வந்து சேர்ந்தன. வெற்றிடத் தடுப்பின் வலிமை வெளியிலுள்ள வளிமண்டல அமுக்கத்திலிருந்து பிறப்பது. கொழும்பில் அது இரச மட்டத்தில் ஏறத்தாழ 30 அங்குலம். பட்டிப்பொலவில் 24 அங்குலம் அளவே. 20 அங்குல வெற்றிடத்தைக் காட்டும் ஊசி கொழும்பில் பத்தங்குல இடைவெளியை மிச்சம் வைத்திருக்கிறது. உச்சியில் நான்கங்குலத்தையே வைத்திருக்கிறது. பதுளை நோக்கிய நீண்ட இறக்கம் தொடங்குவதும் அவ்வுச்சியிலேதான்! மானியின் முகம் இவ்வேறுபாட்டைச் சொல்வதில்லை. சாரதி அதனை மனத்தில் கொண்டே இறங்கவேண்டும்.

இனி ஒரு சிறு பொருள். ஒற்றைப் பாதையான இங்கு இரு நிலையங்களுக்கிடையே வண்டி செல்வதற்கு உரிமையளிப்பது, தோற்பையில் இடப்பட்டுப் பெரிய வளையத்தோடு கைமாறும் 'டப்லட்' என்னும் உலோக வட்டு. அமெரிக்காவிலும் பயணக் கட்டளை வளையத்திலோ கவைக்கோலிலோ நீட்டப்பட்டதுண்டு. ஆனால் அது தாள், படித்துச் சட்டைப்பையில் வைக்கத்தக்கது. வட்டும் வளையமும் சாரதியோடு அடுத்த நிலையம் வரை வரவேண்டியவை. ஜி12 வடிவத்தை வரைந்தோர் அதற்கென ஓர் இடத்தை நினைத்திருக்க நியாயமில்லை.

மலையகப் பாதைக்கென 1979இல் மேற்கு ஜேர்மனியின் ஹென்ஷல் நிறுவனத்திலிருந்து வந்த எம்6 எஞ்சின்களின் உள்ளே இருந்ததும் ஜெனரல் மோட்டோர்ஸ் இயந்திரமே. அங்கும் அறை ஒன்றே. பிற்காலத்து எஸ்12 சீன வண்டித் தொடர்களில் இரு முனையிலும் சாரதி அறை உண்டு. மூக்கின் பின்னிருந்து எட்டிப்பார்க்கும் தேவை அங்கில்லை. எம்6 நெடிய மூக்கை முன்னிட்டுச் செல்லும் நாளில், இதல்கஸ்ஹின்னையின் மூடுபனியில் கைகாட்டியின் நிலையைச் சொல்வது இன்றும் மற்றைய யன்னலின் குரலே.