சுண்டெலி கொடுத்த சர்டிஃபிகேட்

தேங்காய்ப் புண்ணாக்கு மாட்டுக்கு ஆகுமா, ஆகாதா? சோதித்துப் பார்க்க, ஆய்வுக்கூடத்தில் நாற்பது ஐம்பது மாடுகளைக் கட்டி வைத்தால் கட்டுப்படியாகுமா? ஆகவே சுண்டெலி. செலவு கம்மி, சாணி அள்ள வேண்டாம்.

இதற்கு உலகம் ஒப்புக்கொண்ட விதிமுறையே உண்டு. ஓ.இ.சி.டி. 408 என்று பெயர். குழுவுக்குப் பத்து ஆண், பத்து பெண். மூன்று அளவுகளில் கொடுக்க மூன்று குழு, ஒன்றும் கொடுக்காமல் ஒரு குழு. 90 நாள் கழித்து ஈரல், கிட்னி எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பார்கள். அடியேன் பி.காம். இவ்வளவு சுத்தமாகக் கணக்கு வைத்தால் எனக்கு மரியாதை தன்னால் வந்துவிடும்.

சிக்கல் கணக்கில் இல்லை சார், சாட்சியில் இருக்கிறது.

புண்ணாக்கில் பயப்பட வேண்டிய விஷயம் தேங்காய் அல்ல, பூஞ்சை. கொப்பரை சரியாகக் காயாமல் மழையில் மாட்டினால் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை குடியேறி, அஃப்ளடாக்ஸின் என்ற விஷத்தை வைத்துவிட்டுப் போகும். செக்குச் சூட்டுக்கெல்லாம் அது மசியாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோதுதான் இந்த ஆசாமி பிடிபட்டார். அங்கே குற்றவாளி, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு.

இந்த விஷம், உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் போனாலே வாத்துக் குஞ்சு காலி. சுண்டெலிக்கு? சுமார் ஒன்பது மில்லிகிராம் வேண்டும்! அதன் ஈரலில் இருக்கும் ஒரு என்ஸைம் விஷத்தை மடக்கி வெளியே தள்ளிவிடுகிறது. அண்ணன் முறையான பெரிய எலிக்குக்கூட அந்தக் கொடுப்பினை இல்லை. ஓ.இ.சி.டி.யும் பெரிய எலியைத்தான் சிபாரிசு செய்கிறது. சுண்டெலிக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்பதுதான் வம்பு. பூசணம் பிடித்த புண்ணாக்கைத் தின்றுவிட்டு அது பாட்டுக்கு ஓடியாடும். நாம் 'பாதுகாப்பானது' என்று எழுதிக்கொள்வோம்.

தலைகீழாகவும் ஏமாறலாம். புண்ணாக்கை அளவுக்கு மீறிக் கொடுத்தால் சுண்டெலி இளைக்கும். காரணம் விஷமல்ல, அதில் நார் அதிகம், லைசின் குறைவு. பசுவுக்கு இரைப்பையில் நுண்ணுயிர்ப் பட்டாளமே வேலை செய்கிறது, அது சமாளித்துக்கொள்ளும். எலி இளைத்ததற்குத் தேங்காய்க்குக் கெட்ட பெயர்!

மாட்டுச் சமாசாரம்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பசு தின்ற அஃப்ளடாக்ஸின், எம்1 என்று உருமாறி உங்கள் காபிக்கு வருகிறது. காய்ச்சினாலும் போகாது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368-ல் எம்1 வரம்பு மீறல். தமிழ்நாட்டில் எடுத்த 551-ல் 88. எண்ணிக்கையில் மாநிலங்களில் நாம்தான் முதலிடம். எந்தத் தீவனம் காரணம் என்று அந்த சர்வே பார்க்கவில்லை. சோளமோ, பருத்திக்கொட்டையோ, நம் புண்ணாக்கோ... பழியைத் தேங்காய் தலையில் மட்டும் கட்ட நான் தயாரில்லை.

சோதிக்க வேண்டியது மூட்டையை. பூஞ்சை மூட்டை முழுக்கச் சமமாகப் பரவாது, ஒரு மூலையில் பதுங்கியிருக்கும். பத்து இடத்தில் குத்தி எடுத்துக் கலந்து பார்க்க வேண்டும். மாட்டுத் தீவனத்தில் பி1 வகை 20 பி.பி.பி.க்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர அளவு. சில நிமிடங்களில் காட்டிக்கொடுக்கும் ஸ்ட்ரிப்கூட வந்துவிட்டது. சுண்டெலி தின்றது எப்போதோ வந்த ஒரு மூட்டை. ஐப்பசி மழையில் நனைந்து வரும் அடுத்த லாட்டைப் பற்றி அதற்கென்ன தெரியும்?

மாடு வைத்திருப்பவரா நீங்கள்? அடுத்த முறை புண்ணாக்கு வாங்கும்போது கடைக்காரரிடம், இந்த லாட்டுக்கு அஃப்ளடாக்ஸின் ரிப்போர்ட் இருக்கா என்று கேட்டுப் பாருங்கள். முறைப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.